பன்டேசல் வீட்டில் சுட்டால் ஏன் கல்லாகிறது?

2024 ஜூலை 2, ஒரு வாசகியின் கேள்வி

மகன் பிலிப்பைன்ஸில் டவாவோவில் ஆறு வருடம் இருந்து டாக்டருக்குப் படித்துவிட்டுப் போன மாதம்தான் திருச்சி வந்து சேர்ந்தான். காலையில் இட்லியைத் தொடுவதில்லை. பன்டேசல் என்று ஒரு பன்னாம், அதுதான் வேண்டுமாம். போனில் பார்த்து மைதாவில் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை இரவே பிசைந்து மூடி வைத்துக் காலையில் சுட்டேன், புளித்துத் தட்டையாகப் போய்விட்டது. இரண்டாவது தடவை சூட்டோடு சாப்பிடும்போது நன்றாக இருந்தது, பத்து மணிக்கு எடுத்தால் கல். உப்பு ரொட்டி என்று பெயர் வைத்துவிட்டு இனிக்கிறது என்பது தனிக் குழப்பம். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு 9.40

நான் இருப்பது லோஸ் பான்யோஸ். மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணத்தில், மக்கிலிங் மலையடியில் இருக்கிற ஊர். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான், எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த இடம். நான் வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. உலகத்து நெல் விதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மைதா ரொட்டியைப் பற்றி எழுதுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் புளித்த கதை. அக்கா, இட்லி மாவுக்குச் செய்வதை ரொட்டி மாவுக்கும் செய்துவிட்டீர்கள். இட்லி மாவில் வேலை செய்வது உளுந்தோடும் அரிசியோடும் தானாக வருகிற நுண்ணுயிர், அதற்கு எட்டு பத்து மணி நேரம் வேண்டும். பாக்கெட் ஈஸ்ட் அப்படியில்லை. திருச்சிச் சூட்டில் முக்கால் மணியில் மாவை இரண்டு மடங்காக்கிவிடும். அதற்கு மேல் விட்டால் உள்ளே காற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிற புரத வலை தளர்ந்து அப்படியே உட்கார்ந்துவிடும். காலையில் நீங்கள் பார்த்தது உட்கார்ந்த மாவைத்தான். வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன், அதுவும் போதாதென்று மேலே ஒரு ஈரத்துணி வேறு போட்டு, பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துத் தூங்கினேன்.

நான் செய்கிற அளவு: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, முட்டை ஒன்று, சர்க்கரை 100, வெண்ணெய் 60, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7, உப்பு 18. பிசைந்து ஒரு மணி நேரம் உப்பவிட்டு, 40 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, பிரெட் தூளில் புரட்டி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, 180 டிகிரியில் 15 நிமிடம். கல் ஆவதற்குக் காரணம் வேறு, அதை அப்புறம் எழுதுகிறேன், நாளைக்கு ஏழு மணிக்கு வயலில் இருக்க வேண்டும்.

ஜூலை 3, காலை 5.50

உப்பு 18 இல்லை, 8. எட்டு. இரவு தூக்கக் கலக்கத்தில் தட்டியது. பெயரே உப்பு ரொட்டி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது. 18 போட்டால் வாயில் வைக்க முடியாது, ஈஸ்ட்டும் பாதி முடங்கிவிடும்.

ஜூலை 4

பெயர் விஷயம். பான் டே சால் என்பது ஸ்பானிஷ், அப்படியே பொருள் சொன்னால் உப்பு ரொட்டிதான். ஸ்பானியர்கள் இங்கே வந்தபோது கோதுமையும் கூடவே வந்தது, நற்கருணை அப்பத்துக்குக் கோதுமை இல்லாமல் முடியாதே. கோதுமை இந்த மண்ணுக்கு ஒத்துவரவில்லை. இன்றைக்கும் விளைச்சல் என்று சொல்ல இங்கே ஒன்றும் கிடையாது, அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்துதான் இங்கே அரைபடுகிறது. அடுப்பின் தரையிலேயே வைத்துச் சுடுகிற, மேல்தோல் கடினமான பான் டே சுவேலோ என்கிற ரொட்டிதான் முந்தையது என்பார்கள். சுவேலோ என்றால் தரை. பிறகு மலிவான மாவில், மெத்தென்று, சர்க்கரை சேர்த்து இப்போதைய வடிவத்துக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் பழைய வீட்டு முகவரி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சர்க்கரை ருசிக்கு மட்டும் போடுவதில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்கும், நிறம் கொடுக்கும். ஆனால் அளவு மீறினால் ஈஸ்ட்டுக்குப் போக வேண்டிய தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். உப்ப நேரமாகும், நாம் ஈஸ்ட் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பாக்கெட்டைக் கொட்டுவோம். கொட்டாதீர்கள், காத்திருங்கள்.

ஜூலை 7

மைதாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், என்ன பிராண்ட் என்று. பிராண்டை விடுங்கள், பாக்கெட்டைத் திருப்பி 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 11க்குப் பக்கத்தில் இருந்தால் ரொட்டிக்கு நல்லது, 9 என்றால் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேக்கரிக்காரர்கள் மாவை ஃபர்ஸ்ட் கிளாஸ், தர்ட் கிளாஸ் என்று ரயில் டிக்கெட் மாதிரி சொல்வார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றால் புரதம் அதிகமான ரொட்டி மாவு, தர்ட் கிளாஸ் மெலிந்த மாவு. தரக்குறைவு என்று பொருள் இல்லை, பிஸ்கட்டுக்கு அதுதான் வேண்டும்.

கோதுமை மாவில் புரதம் இன்னும் அதிகமாச்சே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதிகம்தான். ஆனால் தவிடு இருக்கிறது, அது பிசையும்போது உருவாகிற வலையைக் குத்திக் கிழித்துக்கொண்டே இருக்கும். கால் பங்கு கலக்கலாம், அதற்கு மேல் போனால் சப்பாத்திக்கு உறவுக்காரன் ஆகிவிடும்.

எவ்வளவு நேரம் பிசைவது என்பதற்குத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. புரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கல்மேடை தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக விரிகிறதே, அதே மைதாதான், அதே வலைதான். ரொட்டி மாவில் ஒரு எலுமிச்சை அளவு கிள்ளி இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிழியாமல், விளக்கு வெளிச்சம் தெரிகிற மாதிரி விரிந்தால் போதும். கையால் 12 நிமிடம் ஆகும். நடுவில் பத்து நிமிடம் மாவை மூடி வைத்துவிட்டு நீங்கள் காப்பி குடித்தால் அதுவும் பிசைந்த கணக்கில் சேரும், மாவு தானாகவே இளகும்.

ஜூலை 13

நான் ஜூலை 2இல் எழுதிய அளவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு பனடெர்யா இருக்கிறது, பேக்கரிக்கு இங்கே அதுதான் பேர். கம்பிக் கதவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், ஈயை ஓட்ட ஒரு குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் தோரணம். ரொட்டி போடுகிறவரை கூயா என்றுதான் கூப்பிடுவேன், இங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். போன சனிக்கிழமை நான் சுட்டதில் நாலு எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாக நீட்டினேன். ஒன்றைப் பிட்டு மோந்து பார்த்தார். முட்டையா என்றார். ஆமாம். பாலா? ஆமாம். வெண்ணெயும்? ஆமாம். சிரித்துவிட்டு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார், அங்கே என்சைமாடா இருந்தது, வெண்ணெய் தடவிச் சர்க்கரையும் சீஸும் தூவியது. உன்னுடைய ரொட்டி அந்தத் தட்டுக்குப் போக வேண்டியது, சீஸ் போட மறந்துவிட்டாய் என்றார்.

எட்டு வருடமாகப் பன்டேசல் என்று நான் விருந்தாளிகளுக்குப் போட்டது பன்டேசலே இல்லை.

பிறகு அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இது கூலி வேலைக்குப் போகிறவர் விடியற்காலையில் பத்து வாங்கிப் போகிற ரொட்டி. சின்னது எங்கள் தெருவில் மூன்று பெசோ. மாவு விலை ஏறினால் விலையை ஏற்றாமல் ரொட்டியைச் சின்னதாக்குவார்கள், வாங்குகிறவர்கள் கையில் வைத்துப் பார்த்தே கண்டுபிடித்து முணுமுணுப்பார்கள். நம் ஊரில் டீக்கடை வடையைப் பார்த்துச் சொல்கிற அதே முணுமுணுப்பு. அந்த விலையில் முட்டை எங்கே வரும், வெண்ணெய் எங்கே வரும்? வீட்டில் சுடுகிறவர்கள் மெத்தென்று வரவில்லை என்றால் உடனே வெண்ணெயைக் கூட்டுகிறோம், பாலைக் கூட்டுகிறோம், ரொட்டி வேறு ஜாதியாகிப் போகிறது, மகன் இது அது இல்லை என்கிறான். அவன் நாக்கில் தப்பில்லை.

ஜூலை 14

புது அளவு. கூயா மூட்டைக் கணக்கில் சொன்னதை நான் வீட்டுக்குச் சுருக்கி இரண்டு தடவை சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மாவு 500 கிராம். தண்ணீர் 280 மில்லி, உங்கள் மைதாவுக்கு 265இல் ஆரம்பித்து பார்த்துக்கொண்டே ஊற்றுங்கள், அது இந்த ஊர் மாவளவு குடிக்காது. சர்க்கரை 75, உப்பு 8, ஈஸ்ட் 6, பால் பவுடர் இருந்தால் 15, இல்லையென்றால் வேண்டாம். கொழுப்பு 30 கிராம். பழைய ஆட்கள் பன்றிக் கொழுப்பு போட்டார்கள், இப்போது பெரும்பாலும் டால்டா மாதிரி வெள்ளைக் கொழுப்பு அல்லது மார்கரின். நான் எண்ணெய் ஊற்றுகிறேன், குறை ஒன்றும் தெரியவில்லை. முட்டை கிடையாது.

கோடையில் திருச்சியில் குழாய்த் தண்ணீரே சுடும், அதனால் பானைத் தண்ணீர் எடுங்கள். வெதுவெதுப்பான நீர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. நானும் போன தடவை அப்படியே எழுதிவிட்டேன்.

அப்புறம் உருண்டை பிடிக்காதீர்கள். ஒரு மணி நேரம் உப்பிய மாவை நீள்சதுரமாகத் தட்டி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டி, கைத்தடி கனத்துக்கு நீட்ட வேண்டும். அந்தத் தடிக்கு பாஸ்தோன் என்றே பெயர், ஊன்றுகோல். அதைப் பிரெட் தூளில் புரட்டி, துணி போட்டு மூடி 15 நிமிடம் விட்டு, தகடால் துண்டு துண்டாக வெட்டணும், ஒவ்வொன்றும் 36 கிராம், 25 வரும். வெட்டிய முகத்தை மறுபடியும் தூளில் ஒற்றி, வெட்டு மேலே பார்க்கிற மாதிரி தட்டில் அடுக்கி, பஞ்சு மாதிரி ஆகும்வரை விடுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகத் திரும்பி வரணும். சட்டென்று துள்ளினால் இன்னும் நேரம் இருக்கிறது, வராமலே போனால் நேரம் போய்விட்டது, ஓடுங்கள். கூயா இரண்டு கையிலும் இரண்டு தகடு வைத்துக்கொண்டு வெட்டுவார், கீரைக்கட்டு நறுக்குகிற வேகம். எடை பார்ப்பதே இல்லை. நான் ஒவ்வொன்றையும் தராசில் வைக்கிறேன் என்று தெரிந்தபோது நகைக்கடையா வைத்திருக்கிறாய் என்றார்.

ஜூலை 15

பிரெட் தூளுக்குப் பதில் ரவை போடலாமா? போடலாம். பல்லில் மணல் கடிபடும். ரஸ்க்கை மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். இனிப்பு ரஸ்க் கொஞ்சம் சீக்கிரம் சிவக்கும், அதனால் மேல் கம்பியிலிருந்து தட்டைத் தள்ளி வையுங்கள். தூள் இல்லாமல் சுட்டால் அது வெறும் பன். வாயில் வைத்ததும் வருகிற அந்த வறுத்த வாசனை தூளிலிருந்துதான் வருகிறது, பக்கத்துப் பக்கத்தில் உப்பும்போது ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பதும் அதுதான்.

ஜூலை 21

அடுப்பு. முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. நான் வாங்கிய மேஜை அடுப்பில் 180 என்று திருப்பினால் உள்ளே 150தான் இருந்தது, இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், சொல்லி என்ன ஆகப்போகிறது, வாரண்டியும் முடிந்துவிட்டது. சூடு குறைந்தால் நிறம் வர நேரமாகும், நேரமானால் ஈரம் போகும், ஈரம் போனால் அக்கா சொன்ன கல். உங்கள் இரண்டாவது தடவைக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று என் சந்தேகம். அடுப்புக்குள் தொங்கவிடுகிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை. ஓடிஜி என்கிற மேஜை அடுப்பில் மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, நடுத்தட்டில், 15 நிமிடத்துக்குள் பொன்னிறம் வந்துவிட வேண்டும். 25 நிமிடம் ஆனால் அடுப்பைச் சந்தேகப்படுங்கள், உங்களை வேண்டாம்.

விறகடுப்பு ருசி வருமா என்று ஒருவர். வராது. புகோன் என்று செங்கல் அடுப்பு, உள்ளே விறகு எரித்து, தணலைத் தள்ளிவிட்டு, நீளக் கரண்டியில் தட்டை உள்ளே விடுவார்கள். கேஸும் மின்சாரமும் வந்த பிறகு அது அரிதாகிவிட்டது. கேஸோன் சிட்டியில் 1939இல் தொடங்கிய கமுனிங் பேக்கரியில் இன்னும் புகோன் இருக்கிறது, ஒரு தடவை அதற்காகவே பஸ் ஏறிப் போனேன். அடிப்பக்கம் மெல்லிசாக மொறுமொறுத்து, மேலே மெத்தென்று. வரிசையில் நின்று வாங்கி, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஒன்றுதான் மிச்சம். மனைவி கேட்டதற்கு மாதிரி கொண்டுவந்தேன் என்றேன்.

ஜூலை 25

இரண்டு நாளாக மழை, நேற்றெல்லாம் கரண்ட் இல்லை. பிசைந்த மாவு 25 துண்டாக உட்கார்ந்திருக்கிறது, அடுப்பு மின்சார அடுப்பு. கனமான தோசைக்கல்லை கேஸில் வைத்து, மேலே ஒரு கம்பி வளையம், அதன்மேல் தட்டு, எல்லாவற்றையும் மூட ஒரு பெரிய அலுமினியக் குண்டான். சின்னத் தீயில் 22 நிமிடம். கீழே கறுத்தது, மேலே வெளுத்தே இருந்தது, நடுவில் வெந்திருந்தது. வெயிலே படாத ஆள் மாதிரி. ஆனாலும் மழைக்குச் சூடாக ஒன்று கிடைத்ததே, 25உம் காலி.

இங்கே காப்பியில் முக்கித்தான் தின்பார்கள். பக்கத்து மாகாணமான பத்தங்காஸிலிருந்து பராக்கோ என்று ஒரு காப்பி வரும், வாடையே ஆளை நிமிர்த்தும். முக்குவதற்கு சவ்சவ் என்று பெயர். வந்த புதிதில் வீட்டுக்காரம்மாள் காப்பியை நீட்டி சவ்சவ், சவ்சவ் என்றார், நான் காப்பியில் சௌசௌ காயா என்று விழித்தேன். அந்தக் காயும் இங்கே உண்டு, அதற்கு சயோத்தே.

நடுவில் என்ன வைப்பது என்றால் என்ன வேண்டுமானாலும். மார்கரின் தடவிச் சர்க்கரை தூவுவது குழந்தைகளுக்கு. டின் கார்ன்ட் பீஃப், ஈரல் விழுது, கடலை வெண்ணெய். எங்கள் மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் பக்கம் எருமைப் பாலில் கேசோங் புத்தி என்று வெள்ளைச் சீஸ் செய்து வாழையிலையில் மடித்துத் தருவார்கள், கொஞ்சம் உப்புப் போட்ட பன்னீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான பன்டேசலைப் பிட்டு அதை நடுவில் வைத்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். தள்ளுவண்டி ஐஸ்க்ரீம்காரர் கோன் வேண்டாம் என்றால் பன்னுக்குள் வைத்துத் தருவார். பன் பட்டர் ஜாம் தின்று வளர்ந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்க உரிமையில்லை.

ஆகஸ்ட் 1

கல் ஆவது ஏன், மிச்சக் காரணம்.

ரொட்டி காய்ந்துபோவதால் மட்டும் கெட்டியாவதில்லை. வேகும்போது இளகிய மாவுச்சத்து, ஆறியதும் மறுபடி இறுகிப் படிகமாகிறது. பழைய சாதம் மறுநாள் விறைப்பதும் இதே கதை, எங்கள் நிலையத்தில் காண்டீன் பையனுக்குக்கூட இது தெரியும். இது வேகமாக நடப்பது ஃபிரிட்ஜ் குளிரில். ஆகவே மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அதுதான் குற்றவாளி. வெளியிலேயே வையுங்கள், அல்லது ஃப்ரீஸரில். திரும்பச் சுடவைத்தால் இறுகியது இளகும்: மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் மூடி போட்டு இரண்டு நிமிடம். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வியர்த்து நசநசக்கும். இங்கே பழுப்புக் காகிதப் பையில்தான் போட்டுத் தருவார்கள், வீட்டுக்கு வருவதற்குள் பையின் அடி சூட்டில் தளர்ந்திருக்கும்.

மெத்தென்று இருக்க ஜப்பான் முறை ஒன்று சொல்கிறார்களே, அதையும் போன வாரம் செய்தேன். 25 கிராம் மாவை 125 மில்லி தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிளறி, 65 டிகிரியில் கூழாக்கி, ஆறவைத்து மாவோடு பிசைவது. நம் பாட்டிகள் பசை காய்ச்சிய அதே வேலை. இந்தத் தண்ணீரை மொத்தத் தண்ணீரில் கழித்துக்கொள்ள வேண்டும், நான் முதலில் கழிக்க மறந்து மாவு கையோடு வந்தது. மறுநாள் மாலை வரைக்கும் மெத்தென்று இருந்தது, உண்மை. ஆனால் கூயாவிடம் கொண்டுபோக எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்குக் காலையில் போட்டது எட்டு மணிக்குள் விற்றாக வேண்டும். மாலை மெரியெண்டாவுக்கு, அதாவது நாலு மணிச் சிற்றுண்டிக்கு, மறுபடி புதிதாகப் போடுவார். மறுநாள் மெத்தென்று இருக்கணும் என்கிற கவலையே அந்தத் தொழிலில் இல்லை. எனவே அக்கா, பத்து மணிக்கு எடுத்துப் பார்த்துக் கல் என்று வருத்தப்பட்டீர்களே, இங்கேயும் பத்து மணிக்கு அது கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், எனக்கே இப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 6

முருங்கைக்கீரை போட்ட பன்டேசலும் உண்டு, பச்சைப் புள்ளி புள்ளியாக. இங்கே முருங்கைக்கு மலுங்காய் என்று பெயர். மொரிங்கா என்கிற தாவரவியல் பெயரே நம் முருங்கையிலிருந்து போனது, மலுங்காயும் காதில் உறவாகத்தான் விழுகிறது. கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து 500 கிராம் மாவுக்கு ஒரு கைப்பிடி. பச்சையாக அரைத்துப் போட்டால் அந்தத் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள். சத்துக்காக என்று சொல்லிப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். கோதுமை மாவில் வைட்டமின் ஏவும் இரும்பும் சேர்க்க வேண்டும் என்று 2000இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, அதற்கு மேல் இது. என் பெண் பச்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள், முக்கால் மணி நேரம்.

ஊதா நிற உபே கிழங்கும் உள்ளே சீஸும் வைத்தது 2020 ஊரடங்கில் வெறி பிடித்த மாதிரி பரவியது. அப்போது இங்கே வீட்டுக்கு வீடு யாராவது சுட்டு விற்றார்கள். நல்ல ருசி. அது பன்டேசலா என்று கூயாவிடம் கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 7

திருத்தம். அக்காவின் மகன் முருங்கைக்குக் கமுங்காய் என்றுதான் கேட்டிருக்கிறானாம். அவன் சரி. டவாவோவில் பேசுவது பிசாயா, நான் எழுதியது தகாலோக். பதினொரு வருடமாக லகுனாவை விட்டு நகராமல் நாடு முழுவதையும் பற்றிப் பேசினால் இப்படித்தான்.

ஆகஸ்ட் 11

இரவு பிசைந்து காலையில் சுடவே முடியாதா? முடியும், நான் முதல் நாள் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஈஸ்ட்டை 2 கிராமாகக் குறையுங்கள், பானைத் தண்ணீருக்குப் பதில் ஃபிரிட்ஜ் தண்ணீர், பிசைந்து அரை மணி வெளியே, பிறகு இறுக்க மூடி ஃபிரிட்ஜில். மாவுக்கு ஃபிரிட்ஜ் நல்லது, வெந்த ரொட்டிக்குத்தான் கெட்டது, குழப்பிக்கொள்ளாதீர்கள். காலை நாலரைக்கு வெளியே எடுத்துக் குளிர் போக ஒரு மணி நேரம், பாஸ்தோன், வெட்டு, திரும்ப உப்ப முக்கால் மணி, ஆறேமுக்காலுக்கு அடுப்பு. நாலரைக்கு எழ வேண்டும் என்பதை எந்த முறையும் மாற்றவில்லை. கூயா எழுவது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு.

ஆகஸ்ட் 18

அக்கா எழுதியிருக்கிறார். நேற்று முட்டையில்லாத அளவில், பாய் மாதிரி சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டி, ஃபிரிட்ஜ் முறையில் சுட்டாராம். 24 வந்ததாம், ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை என்கிறார். தராசைச் சந்தேகப்படுங்கள். மகன் நின்றுகொண்டே ஏழு தின்றுவிட்டு, எல்லாம் சரி, பொட்பொட் சத்தம்தான் இல்லை என்றானாம். அது என்ன சத்தம் என்று அக்கா கேட்கிறார்.

சைக்கிளில் பெட்டி கட்டி, உள்ளே துணி சுற்றிய சூட்டு ரொட்டியோடு விடியற்காலையில் தெருத்தெருவாக வருவார்கள் அக்கா. கையில் ரப்பர் ஹாரன், அந்தக் காலத்து ஐஸ் வண்டி ஹாரன் மாதிரி. அழுத்தினால் பொட் பொட் என்று கேட்கும். ஆஸ்டலில் படுத்திருக்கிற பிள்ளைக்கு அதுதான் அலாரம். அந்த ஹாரன் திருச்சியில் பழைய சைக்கிள் கடையில் கிடைக்கும், வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், வீடு தாங்காது.

மிச்சம் ஆறு இருக்கிறது, கல்லாகிவிட்டது, என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். துண்டு போட்டு வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, மிக்ஸியில் பொடித்துச் சலித்து டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த தடவைக்கு ரஸ்க் வாங்க வேண்டாம்.